இந்த இங்கிலீஷ் வாக்கியம் சரியா, தப்பா? காதை நம்பாமல் கண்டுபிடிக்க ஒரு முழு வழிகாட்டி

ஒரு இங்கிலீஷ் வாக்கியத்தை எழுதிவிட்டு, அனுப்புவதற்கு முன் அதை வாய்க்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்து, "கேட்க நல்லாத்தானே இருக்கு" என்று அனுப்பிவிடுவது நம்மில் பெரும்பாலோருக்குப் பழக்கம். சிக்கல் என்னவென்றால் நம் காது இங்கிலீஷில் மட்டும் வளர்ந்த காது இல்லை. பாதி தமிழ் கேட்டு வளர்ந்தது, மீதி நம்மைப் போலவே பேசுகிறவர்களைக் கேட்டு வளர்ந்தது. அதனால் ஒரு தப்பை ஆயிரம் முறை கேட்டிருந்தால் அதைத்தான் சரி என்று சொல்லும்.

இங்கிலீஷையே தாய்மொழியாகப் பேசுகிறவர்களின் காதும் ஏமாறும் என்பது கொஞ்சம் ஆறுதல். 'மோர் பீப்பிள் ஹேவ் பீன் டு பாரிஸ் தேன் ஐ ஹேவ்.' சொல்லிப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு போகிறது. ஆனால் எதை எதோடு ஒப்பிடுகிறது? 'நான் போனதைவிட அதிகம் பேர் பாரிஸ் போயிருக்கிறார்கள்' என்று தமிழில் வைத்தால் உடனே ஓட்டை தெரிகிறது, ஆட்களின் எண்ணிக்கையை என்னோடு எப்படி ஒப்பிடுவது? இதற்கு நேர் எதிர், 'தி ஹார்ஸ் ரேஸ்ட் பாஸ்ட் தி பார்ன் ஃபெல்.' கேட்டதும் உடைந்த வாக்கியம் மாதிரி இருக்கும், ஆனால் இலக்கணப்படி இது முழுக்கச் சரி. 'ரேஸ்ட்' என்பதை 'ஓடியது' என்று எடுத்துக்கொள்வதால்தான் கடைசியில் வரும் 'ஃபெல்' இடிக்கிறது, 'ஓட்டிச் செல்லப்பட்ட' என்று எடுத்தால் 'களஞ்சியத்தைத் தாண்டி ஓட்டிச் செல்லப்பட்ட குதிரை விழுந்தது' என்று பொருள் வந்துவிடும். தமிழில் 'ஓடியது' வேறு, 'ஓட்டப்பட்ட' வேறு, அதனால் நமக்கு இந்தக் குழப்பமே வராது. இங்கிலீஷில் இரண்டுக்கும் ஒரே உருவம்.

ஆக, காதை நீதிபதியாக உட்கார வைக்காதீர்கள், சாட்சியாக வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள். வாக்கியத்தைப் பிரித்துப் போட்டுப் பார்ப்பதுதான் வழி. எந்த வரிசையில் பிரிப்பது என்பதைத்தான் எழுதப் போகிறேன். இங்கிலீஷ் வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன், வாய்விட்டுப் படித்தால் சட்டென்று பிடிபடும்.

முதலில்: என்ன கேள்வி கேட்கிறீர்கள்?

'சரியா தப்பா' என்று கேட்டாலும் பதில் இரண்டு வகை மட்டும் இல்லை. ஒரு வாக்கியம் எங்கேயுமே செல்லாததாக இருக்கலாம், 'ஹீ டிட் நாட் கேம்' மாதிரி. பேச்சில் சரி, விண்ணப்பத்தில் எழுதினால் தப்பு என்று இருக்கலாம், 'சவுண்ட்ஸ் குட்' என்பதில் எழுவாயே இல்லை, ஆனாலும் நண்பருக்கு அனுப்பும் பதிலாக அதில் ஒரு குறையும் இல்லை. ஒரு நாட்டில் சரியாகவும் இன்னொரு நாட்டில் விநோதமாகவும் இருக்கலாம். கடைசியாக, இலக்கணம் சுத்தமாக இருந்தும் பொருளே இல்லாமல் இருக்கலாம். மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி 1957-இல் சொன்ன 'கலர்லெஸ் க்ரீன் ஐடியாஸ் ஸ்லீப் ஃபியூரியஸ்லி' இதற்குப் பேர்போன எடுத்துக்காட்டு. நிறமில்லாத பச்சை எண்ணங்கள் ஆவேசமாகத் தூங்குகின்றனவாம். சொல் ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில்தான் இருக்கிறது, பொருள்தான் இல்லை. யாராவது 'இது சரியா' என்று கேட்டால், இந்த நான்கில் எதைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

படி 1: வினையைப் பிடியுங்கள்

எழுத்தில் முழு வாக்கியம் என்றால் காலம் காட்டும் வினை ஒன்றாவது இருக்க வேண்டும், கட்டளையைத் தவிர மற்றதில் எழுவாயும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். இந்த இரண்டிலும் தமிழ் நம் காலை வாரிவிடும். 'அவர் டாக்டர்' என்றால் தமிழில் முடிந்தது, இங்கிலீஷில் 'இஸ்' இல்லாமல் நிற்காது. 'வந்துட்டேன்' என்றால் யார் என்று விகுதியே சொல்லிவிடும், இங்கிலீஷில் சொல்லாது. 'மழை பெய்யுது' என்பதற்கு அங்கே எழுவாயாக ஒன்றும் கிடைக்காவிட்டால்கூட 'இட்' என்று ஒரு பொம்மையை உட்கார வைத்து 'இட் இஸ் ரெய்னிங்' என்பார்கள்.

அடுத்து, வினைக் கூட்டத்தை எண்ணுங்கள். இங்கே ஒரே ஒரு விதியை நினைவில் வைத்தால் பத்துப் பதினைந்து தவறுகள் ஒரே அடியில் விழும்: வினைகள் வரிசையாக வந்தால் காலத்தையும் ஒருமைக்கான 'எஸ்'ஸையும் முதல் வினைதான் சுமக்கும், பின்னால் வருவது சுமக்காது. 'டிட் நாட் வென்ட்' ஏன் தப்பு? 'டிட்' ஏற்கெனவே இறந்தகாலத்தைத் தூக்கிவிட்டது, 'வென்ட்' அதை மறுபடி தூக்குகிறது. 'டஸ் ஹீ லைக்ஸ் இட்?' என்பதில் 'எஸ்' இரண்டு இடத்தில். 'ஷீ கேன் ஸிங்ஸ்' என்பதும் அதே கதை. 'ஐ ஆம் அக்ரீ' வேறு மாதிரி, அங்கே 'ஆம்' தேவையே இல்லாமல் வந்து நிற்கிறது, 'ஐ அக்ரீ' போதும்.

'டு' வந்தால் கொஞ்சம் நின்று பாருங்கள். 'ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ' என்று கிட்டத்தட்ட எல்லோரும் எழுதுகிறோம், 'டு மீட்டிங் யூ' என்பதுதான் சரி. எப்படிக் கண்டுபிடிப்பது? அந்த 'டு'வுக்குப் பின்னால் 'இட்' போட்டுப் பாருங்கள். 'ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட் டு இட்' நிற்கிறது, ஆகவே அங்கே வினை வந்தால் 'இங்' சேர வேண்டும். 'ஐ வான்ட் டு இட்' நிற்கவில்லை, ஆகவே அங்கே வெறும் வினை. இதே சோதனை 'யூஸ்ட் டு' குழப்பத்தையும் தீர்த்துவிடும். 'ஐ ஆம் யூஸ்ட் டு இட்' என்றால் பழகிவிட்டது என்று பொருள், அதனால் 'ஐ ஆம் யூஸ்ட் டு வேக்கிங் அப் எர்லி'. 'ஐ யூஸ்ட் டு வேக் அப் எர்லி' என்றால் ஒரு காலத்தில் சீக்கிரம் எழுவேன், இப்போது இல்லை. இன்றைக்கும் தினமும் செய்வதற்கு 'ஐ யூஸ்ட் டு கோ டெய்லி' என்று சொல்கிறோமே, அது நாம் நினைப்பதற்கு நேர் எதிரான பொருளைத் தருகிறது.

படி 2: நடுவில் இருப்பதை மூடிவிட்டுப் படியுங்கள்

ஒன்றைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம்: 'தி குவாலிட்டி ஆஃப் தி போட்டோஸ் தட் மை சிஸ்டர் சென்ட் மீ லாஸ்ட் வீக் ஆர் நாட் குட்.'

விரலால் மறைத்துக்கொண்டே வாருங்கள். 'தட்' முதல் 'வீக்' வரை எந்தப் போட்டோ என்று சொல்லும் பகுதி, மூடுங்கள். 'தி குவாலிட்டி ஆஃப் தி போட்டோஸ் ஆர் நாட் குட்' மிஞ்சும். 'ஆஃப் தி போட்டோஸ்' என்பது எதன் தரம் என்று சொல்கிறது, அதையும் மூடுங்கள். 'தி குவாலிட்டி ஆர் நாட் குட்.' இப்போது தப்பு பளிச்சென்று தெரிகிறது, 'இஸ்' வர வேண்டும். வினைக்குப் பக்கத்தில் பன்மையாக எது இருந்தாலும் வினை அதன் பக்கம் இழுபட்டுவிடும், இங்கே 'போட்டோஸ்' இழுத்திருக்கிறது.

'வன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் இஸ்' என்பதும் இப்படித்தான். பலரில் ஒருவர் என்பதால் 'ஃப்ரெண்ட்ஸ்' பன்மை, வினை 'வன்' பின்னால் போவதால் ஒருமை. 'எவ்ரிபடி', 'ஈச்' இரண்டும் ஒருமை. 'டீம்', 'ஃபேமிலி' போன்ற கூட்டப் பெயர்களுக்கு அமெரிக்கர்கள் பெரும்பாலும் 'இஸ்' போடுவார்கள், பிரிட்டிஷ்காரர்கள் 'ஆர்' போடுவதும் உண்டு. அதைப் பார்த்துச் சிவப்பு மையை எடுக்காதீர்கள்.

மூடிப் பார்க்கும் இதே உத்தி 'ஐ'யா 'மீ'யா என்பதற்கும் உதவும். 'ஹீ கால்ட் மை பிரதர் அண்ட் ஐ' என்பதில் பிரதரை அனுப்பிவிடுங்கள். 'ஹீ கால்ட் ஐ' என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 'மீ'தான். 'பிட்வீன் யூ அண்ட் ஐ' என்பதும் அதே வகை, கேட்க என்னவோ கௌரவமாக இருக்கிறது என்பதற்காக எழுதுகிறார்கள்.

படி 3: கடிகாரத்தைப் பாருங்கள்

நிறைய மண்டையிடி இங்கேதான், கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். 'ஐ ஹேவ் சீன் ஹிம் எஸ்டர்டே' தப்பு. ஏனென்றால் 'ஹேவ் சீன்' என்பது இன்னும் மூடாத ஒரு காலத்தைக் காட்டும், 'எஸ்டர்டே' மூடிவிட்ட காலம், இரண்டும் ஒட்டாது. 'ஐ சா ஹிம் எஸ்டர்டே' என்றால் சரி. 'லாஸ்ட் வீக்', 'இன் 2019', 'டூ டேஸ் அகோ' எல்லாமே மூடிய கணக்கு.

சரி, 'திஸ் மார்னிங்' என்று வந்தால்? இதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். காலை பத்து மணிக்கு 'ஐ ஹேவ் சீன் ஹிம் திஸ் மார்னிங்' என்று சொன்னால் சரி, காலை இன்னும் முடியவில்லை. அதையே சாயங்காலம் சொன்னால் இடிக்கும், 'ஐ சா ஹிம்' ஆக வேண்டும். எழுத்து ஒன்று, தீர்ப்பு இரண்டு. வாக்கியத்தை மட்டும் நீட்டி 'சரியா' என்று கேட்டால் சில நேரம் பதிலே சொல்ல முடியாது, எப்போது சொன்னது என்று திருப்பிக் கேட்கத்தான் வேண்டும்.

அப்புறம் 'சின்ஸ்'. 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2015' என்பது தமிழின் 'வேலை செய்துகொண்டிருக்கிறேன்' அப்படியே போய் உட்கார்ந்தது. அன்று தொடங்கி இன்று வரை நீள்கிற வேலைக்கு இங்கிலீஷ் கேட்பது 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங்'. தொடங்கிய புள்ளிக்கு 'சின்ஸ்', நீளத்துக்கு 'ஃபார்': 'சின்ஸ் மண்டே', 'ஃபார் த்ரீ டேஸ்'.

'ஹேட்'டை நாம் அளவுக்கு மீறிச் செலவழிக்கிறோம். 'ஐ ஹேட் கான் தேர் எஸ்டர்டே' என்று தனியாகச் சொன்னால் கேட்கிறவர் 'அதற்கப்புறம்?' என்று காத்திருப்பார். இறந்தகாலத்தில் நடந்த ஒன்றுக்கும் முன்னால் நடந்ததற்குத்தான் அது. பின்னால் நடந்தது எதுவும் பேச்சில் இல்லையென்றால் 'ஐ வென்ட்' போதும்.

'வென் ஹீ வில் கம், ஐ வில் டெல் ஹிம்' என்பதில் முதல் 'வில்' வேண்டாம், 'வென் ஹீ கம்ஸ்'. 'இஃப்', 'அன்டில்', 'ஆஃப்டர்' பின்னாலும் பெரும்பாலும் இப்படித்தான். 'ஐ ஆம் ஹேவிங் எ கார்' தப்பு, 'ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்' சரி, முதலாவது வைத்திருப்பது, இரண்டாவது செய்துகொண்டிருப்பது. வைத்திருத்தல், அறிதல், நம்புதல், சொந்தமாயிருத்தல் போன்ற நிலைகளுக்கு வழக்கமாக 'இங்' வராது.

படி 4: பெயர்ச்சொல்லுக்கு முன்னால் காவலாள் இருக்கிறாரா?

தமிழில் 'எ', 'தி' கிடையாது. அதனால் இதைக் காதால் பிடிக்கவே முடியாது, கண்ணால்தான் தேட வேண்டும். எண்ணக்கூடிய ஒருமைப் பெயர் இங்கிலீஷில் தனியாக நிற்காது. 'எ', 'தி', 'மை', 'திஸ்', 'எவ்ரி' என்று ஏதாவது ஒன்று முன்னால் இருக்க வேண்டும். 'ஐ பாட் புக்' தப்பு. 'பை பஸ்', 'அட் ஹோம்', 'இன் பெட்' போன்ற சில உறைந்த தொடர்கள் மட்டும் விலக்கு.

'எ'யா 'அன்'னா என்பது எழுத்தைப் பொறுத்ததில்லை, ஒலியைப் பொறுத்தது. 'அன் ஹவர்', 'எ யூனிவர்சிட்டி', 'அன் எம்பிஏ'. இந்த ஒரு இடத்தில் மட்டும் காதை நம்பலாம்.

எண்ண முடியாதவற்றின் பட்டியல்தான் ஏமாற்றும். 'அட்வைஸ்', 'இன்ஃபர்மேஷன்', 'ஃபர்னிச்சர்', 'எக்விப்மென்ட்', 'லக்கேஜ்' எதற்கும் அன்றாடப் புழக்கத்தில் 'எஸ்' சேராது, 'அன்' போடவும் முடியாது. நமக்கு அறிவுரைகளை எண்ணிப் பழக்கம், கேட்டது அவ்வளவு. அங்கே 'எ பீஸ் ஆஃப் அட்வைஸ்' என்று துண்டு போட்டுத்தான் எண்ண வேண்டும். 'நியூஸ்' பன்மை மாதிரி தெரியும், ஆனால் 'தி நியூஸ் இஸ்'.

படி 5: ஒவ்வொரு வினையும் யாரோடு சேரும்?

இதற்குப் பொது விதி கிடையாது, சொல் சொல்லாகத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். 'டிஸ்கஸ்' என்ற வினைக்குள்ளேயே 'பற்றி' இருக்கிறது, அதனால் 'டிஸ்கஸ் அபவுட்' தப்பு. ஆனால் பெயராகிவிட்டால் 'எ டிஸ்கஷன் அபவுட்' சரி. 'ரிக்வெஸ்ட்' வினையாக வந்தால் 'ஃபார்' வேண்டாம், பெயராக வந்தால் வேண்டும். அறைக்குள் நுழைவது 'என்டர் தி ரூம்', ஒப்பந்தத்தில் இறங்குவது 'என்டர் இன்டு அன் அக்ரிமென்ட்'. திருமணம் 'டு', 'வித்' இல்லை: 'ஷீ இஸ் மேரிட் டு ஹிம்'. 'எக்ஸ்ப்ளெய்ன் மீ' என்று வராது, 'எக்ஸ்ப்ளெய்ன் இட் டு மீ'. 'டெல் மீ' வரும், 'ஸே மீ' வராது.

'சஜெஸ்ட்' விஷயத்தில் நானே அவமானப்பட்டிருக்கிறேன். நண்பர் ஒருவர் எழுதிய கடிதத்தில் 'ஐ சஜெஸ்டட் தட் ஹீ டேக் எ பிரேக்' என்று இருந்தது. 'ஹீ'க்கு 'டேக்' எப்படி வரும், காலமும் உதைக்கிறதே என்று நினைத்து 'டுக்' என்று திருத்திக் கொடுத்தேன், பெருமையாக வேறு. அவர் ஒன்றும் சொல்லாமல் அகராதியைத் திறந்து காட்டினார். 'சஜெஸ்ட்', 'இன்சிஸ்ட்', 'ரெகமெண்ட்' போன்றவற்றுக்குப் பின், 'இப்படிச் செய்யட்டும்' என்ற பொருளில் வந்தால், வினை எந்த ஒட்டும் இல்லாமல் மொட்டையாக நிற்கலாம். பிரிட்டிஷ் வழக்கில் 'ஷுட் டேக்' என்றும் வரும். 'சஜெஸ்டட் ஹிம் டு டேக்' என்பதுதான் உண்மையான தப்பு, அதை நான் அதுவரை கவலையே இல்லாமல் எழுதிக்கொண்டிருந்தேன்.

இணைப்புச் சொல்லுக்கும் ஒரு வரி. 'ஆல்தோ' போட்டுவிட்டால் பின்னால் 'பட்' கூடாது, ஒரு பாலத்துக்கு ஒரு தூண் போதும் என்பது அவர்கள் கணக்கு.

படி 6: கேள்வியா, கேள்வி மாதிரியா?

நேரடிக் கேள்வியில் துணைவினை முன்னால் வர வேண்டும்: 'வேர் ஆர் யூ கோயிங்?' அதே கேள்வி இன்னொரு வாக்கியத்துக்குள் புகுந்தால் பழைய வரிசைக்குத் திரும்ப வேண்டும்: 'டெல் மீ வேர் யூ ஆர் கோயிங்.' இரண்டையும் இடம் மாற்றிப் போடுவதுதான் நம் பழக்கம். 'டூ யூ நோ வேர் இஸ் ஹீ?' என்பதும் அப்படி வந்ததுதான்.

'இல்லையா?' என்று எந்த வாக்கியத்தின் வாலிலும் தமிழில் ஒட்டலாம், அதனால் 'யூ ஆர் கமிங், இஸ்ன்ட் இட்?' என்று வந்துவிடுகிறது. அங்கே வால் உடம்போடு பொருந்த வேண்டும்: 'ஆரன்ட் யூ?'. விநோதம் என்னவென்றால் 'ஐ ஆம் லேட்' என்பதற்கு வழக்கமான வால் 'ஆரன்ட் ஐ?'. காது கத்தும், ஆனால் அதுதான் சரி.

படி 7: இல்லாத விதியை வைத்து அடிக்காதீர்கள்

தப்பு கண்டுபிடிக்கப் பழகியவர்களுக்கு வரும் வியாதி இது. 'வாட் ஆர் யூ லுக்கிங் அட்?' என்று 'அட்'டில் முடிக்கக் கூடாது என்பார்கள். கவிஞர் ஜான் டிரைடன் 1672-இல் இப்படி முடிப்பதைக் குறை சொன்னார், அந்த முணுமுணுப்பு மூன்றரை நூற்றாண்டாக ஓயவில்லை. ஆனால் இங்கிலீஷ் பேசுகிறவர்கள் அதற்கு முன்னும் பின்னும் அப்படித்தான் பேசிவருகிறார்கள். 'டு'வுக்கும் வினைக்கும் நடுவில் சொல் வரக் கூடாது என்பது 19-ஆம் நூற்றாண்டில் வலுத்த பிடிவாதம், 'டு ரியலி அண்டர்ஸ்டாண்ட்' என்பதில் ஒரு தப்பும் இல்லை. 'அண்ட்', 'பட்' வைத்து வாக்கியம் தொடங்கலாம். ஆணா பெண்ணா என்று தெரியாத ஒருவரை 'தே' என்று சொல்வது நேற்று வந்த நாகரிகம் இல்லை, 14-ஆம் நூற்றாண்டிலிருந்தே எழுத்தில் இருக்கிறது.

'ஹூம்' வர வேண்டிய இடத்தில் 'ஹூ', 'ஃப்யூவர்' இடத்தில் 'லெஸ்', இவையெல்லாம் எங்கே எழுதுகிறோம் என்பதைப் பொறுத்தவை. 'டிஃபரன்ட் ஃப்ரம்' எங்கும் செல்லும், 'டிஃபரன்ட் டு' பிரிட்டன் பக்கம், 'டிஃபரன்ட் தேன்' அமெரிக்கா பக்கம்.

ஒன்றை மட்டும் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. 'வாக்கிங் டு தி ஸ்டேஷன், தி ரெயின் ஸ்டார்டட்.' தமிழில் 'நடந்து போகும்போது மழை பிடித்துக்கொண்டது' என்றால் யாரும் மழை நடந்ததாக நினைக்க மாட்டார்கள். இங்கிலீஷில் காற்புள்ளிக்குப் பின்னால் வரும் எழுவாய்தான் நடந்தது என்று ஆகிவிடும். 'ஆஸ் ஐ வாஸ் வாக்கிங்' என்று ஆளைக் காட்டிவிடுங்கள்.

படி 8: இன்னும் சந்தேகமா?

கற்போருக்கான இங்கிலீஷ் அகராதியைத் திறங்கள். சாதாரண அகராதி பொருள் மட்டும் சொல்லும், கற்போர் அகராதி அந்தச் சொல் எண்ணக்கூடியதா, பின்னால் என்ன வரும் என்பதையும் குறித்திருக்கும், எடுத்துக்காட்டும் தரும். தேடுபொறியில் போட்டு எத்தனை முடிவு வருகிறது என்று எண்ணுவது ஏமாற்று வேலை, அந்த எண் வெறும் தோராயம், தவறாக எழுதியவர்களும் அதில் சேர்த்தி. எழுத்துத் திருத்தும் செயலிகள் அடிக்கோடு போட்டால் ஏன் என்று பாருங்கள், போடவில்லை என்பதால் நிம்மதியாகிவிடாதீர்கள். 'ஐ யூஸ்ட் டு கோ டெய்லி' என்பதில் இலக்கணக் குறை எதுவும் இல்லை, நீங்கள் சொல்ல வந்தது வேறு என்பது அதற்கு எப்படித் தெரியும்?

கடைசியாக ஒன்றை முழுதாகப் பிரித்துவிடுவோம்

'வன் ஆஃப் மை ஃப்ரெண்ட் ஹேட் சஜெஸ்டட் மீ டு டிஸ்கஸ் அபவுட் திஸ் வித் யூ, ஐ ஆம் வெயிட்டிங் ஃபார் யுவர் ரிப்ளை சின்ஸ் டூ டேஸ்.'

இப்படி ஒரு மடல் எழுதாதவர் குறைவு. படித்தால் என்ன சொல்ல வருகிறார் என்று நன்றாகவே புரிகிறது, காதும் பெரிதாக முரண்டு பிடிக்கவில்லை. வினையைத் தேடுங்கள், நடுவில் காற்புள்ளி மட்டும் இருக்க இரண்டு முழு வாக்கியங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, வெட்டுங்கள். 'வன் ஆஃப்' பின்னால் 'ஃப்ரெண்ட்ஸ்'. 'ஹேட்'டுக்கு வேலை இல்லை, நண்பர் சொன்னார், அவ்வளவுதான். 'சஜெஸ்டட் மீ டு' நிற்காது, 'சஜெஸ்டட் தட் ஐ டிஸ்கஸ்'. 'அபவுட்' வெளியே. இரண்டாவது பாதியில் காத்திருப்பு அன்று தொடங்கி இன்னும் முடியவில்லை, ஆகவே 'ஹேவ் பீன் வெயிட்டிங்', இரண்டு நாள் என்பது நீளம், ஆகவே 'ஃபார்'.

'வன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் சஜெஸ்டட் தட் ஐ டிஸ்கஸ் திஸ் வித் யூ. ஐ ஹேவ் பீன் வெயிட்டிங் ஃபார் யுவர் ரிப்ளை ஃபார் டூ டேஸ்.'

இலக்கணம் முடிந்தது. இரண்டு 'ஃபார்' அடுத்தடுத்து வந்து கொஞ்சம் உறுத்துகிறது இல்லையா? அது தப்பில்லை, நடை. 'ஐ ஹேவ் பீன் வெயிட்டிங் டூ டேஸ் ஃபார் யுவர் ரிப்ளை' என்று மாற்றிப் போட்டால் அதுவும் சரியாகிவிடும்.